மலைமடியில் ஓர் ஆய்வுக்கல்வி: ஒளியணுவியலின் உருவாக்கத்தில் உறைவிடக் கோடைப் பள்ளிகளின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒளியணுவியல் (ஃபோட்டானிக்ஸ்) துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோர் ஆண்டுக்கு ஒருமுறை நகரத்தை விட்டு விலகி, ஒரு வார காலம் ஒன்றாகத் தங்கிப் பயிலும் வழக்கம் இன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ளது. இவ்வழக்கத்தின் வேர்களை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உறைவிடக் கோடைப் பள்ளிகளில் இக்கட்டுரை தேடுகிறது. பிரான்சின் லெ சூஷ் பள்ளி, இத்தாலியின் வரென்னா பள்ளி ஆகிய இரண்டும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. துறை ஒன்றின் அடிப்படைப் பாடநூல் எழுதப்படுவதற்கு முன்பே அதன் பாடம் இப்பள்ளிகளில் உருவானது என்பதும், அங்கே உருவான உரைத்தொகுதிகள் பிற்காலத்தில் யாருடைய பெயர் நிலைபெறும் என்பதிலும் பங்கு வகித்திருக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: ஒளியணுவியல், கோடைப் பள்ளி, லெ சூஷ், வரென்னா, குவாண்டம் ஒளியியல், ஆய்வுக்கல்வி வரலாறு

1. முன்னுரை

அறிவியல் வரலாறு பெரும்பாலும் ஆய்வகங்களின் வரலாறாகவோ ஆய்வுக்கட்டுரைகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. ஒரு புதிய துறை தன் அடுத்த தலைமுறையை எங்கே, எவ்வாறு உருவாக்கியது என்னும் வினா அவ்வரலாறுகளில் ஓரத்தில் நின்றுவிடுகிறது. லேசர் எனப்படும் சீரொளி 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தியோடர் மைமனால் முதன்முதலில் இயக்கிக் காட்டப்பட்டது. அன்று அத்துறைக்குப் பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை, ‘ஃபோட்டானிக்ஸ்’ என்னும் பெயரும் புழக்கத்துக்கு வரவில்லை. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ஏக்ரேன் அச்சொல்லுக்கு வரையறை தந்தது 1960களின் பிற்பகுதியில்தான். ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் அத்துறையில் முறையாகப் பயின்ற ஓர் ஆய்வாளர் தலைமுறை உருவாகிவிட்டது. அது எவ்வாறு இயன்றது என்பதற்கான விடையின் ஒரு பகுதி, மலைச்சரிவிலும் ஏரிக்கரையிலும் நடந்த கோடைப் பள்ளிகளில் இருக்கிறது.

ஊரை விட்டு விலகி ஒரு குழுவாகத் தங்கிச் சிந்தையை ஒருமுகப்படுத்தும் வழக்கம் அறிவியலாளர்களின் கண்டுபிடிப்பன்று. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் சமயத்துறையிலிருந்து பெறப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் அதற்குத் ‘தியானம்’, ‘ஞான ஒடுக்கம்’ என்னும் சொற்கள் உண்டு. அவற்றுள் ‘ஒடுக்கம்’ என்பது, உலகியல் கடமைகளிலிருந்து சிலநாள் ஒடுங்கியிருத்தல் என்னும் பொருளைத் தெளிவாகச் சுட்டுகிறது. அறிவியலாளரின் ஒடுக்கம் எதற்காக ஏற்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. கான் நகரிலிருந்து லெ சூஷ் வரை

லெ சூஷ் பள்ளியை நிறுவியவர் செசில் மொரெத். 1922இல் பிறந்த இவர் நார்மண்டியின் கான் நகரில் வளர்ந்தவர். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நேசநாடுகளின் படைகள் நார்மண்டியில் தரையிறங்கியபோது கான் நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் இவருடைய தாயும் பாட்டியும் தங்கையும் உயிரிழந்தனர். தேர்வின் பொருட்டு அன்று பாரிசில் இருந்ததால் இவர் உயிர்தப்பினார். போருக்குப் பின் டப்ளின், கோப்பன்ஹேகன், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று ஆய்வு மையங்களில் பணியாற்றும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. அங்கெல்லாம் நடைபெற்ற இயற்பியலுக்கும் பிரான்சில் கற்பிக்கப்பட்ட இயற்பியலுக்கும் இடையிலிருந்த தொலைவை இவர் நேரில் கண்டார். அக்காலப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் குவாண்டம் இயக்கவியல் முறையான பாடமாக வேரூன்றியிருக்கவில்லை. முனைவர் பட்ட மாணவருக்கென்று தனிப் பாடத்திட்டமும் இல்லை.

பிரின்ஸ்டனில் அமெரிக்க இயற்பியலாளர் பிரைஸ் தெவித் இவரை மணக்க விரும்பினார். மணம் செய்துகொண்டால் நாட்டை விட்டு நிலையாகப் பிரிய நேரும் என்பது மொரெத்தின் தயக்கமாக இருந்தது. பிரான்சுக்குத் தாம் செலுத்தவேண்டிய கடனைக் கோடைப் பள்ளி ஒன்றை நிறுவுவதன் வழியே தீர்க்கலாம் என்னும் எண்ணம் தோன்றிய பின்னரே அவர் இசைந்தார். 1951இல் திருமணமும் பள்ளியின் தொடக்கமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. முப்பது வயதும் நிரம்பாத ஒரு பெண், பேராசிரியர் இருக்கைகளின் அதிகாரத்தால் இயங்கிய ஒரு கல்வியமைப்புக்கு வெளியே, அதன் குறையை நிரப்பும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார் என்பது கருதத்தக்கது.

பள்ளிக்கென அமைந்த இடம் ஷாமொனி பள்ளத்தாக்கில் மோன் பிளான் மலைத்தொடரை நோக்கியுள்ள சரிவாகும். கட்டடக்கலைஞர் அல்பேர் லாப்ராடின் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. மரவீடுகளும் எளிய வசதிகளும் கொண்ட அவ்விடத்தில் முதல் அமர்வு எட்டு வாரங்கள் நீடித்தது. எட்டு வாரம் என்னும் கால அளவே அப்பள்ளியின் நோக்கத்தை உணர்த்தப் போதுமானது. புதிய முடிவுகளை அறிவிப்பது அங்கு முதன்மைப் பணியன்று. பல்கலைக்கழகம் கற்பிக்கத் தவறியதை அடிப்படையிலிருந்து கற்பிப்பதே பணி.

1955ஆம் ஆண்டு அமர்வில் மாணவராகப் பங்கேற்ற குளோத் கோஹென்-தனூஜி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு விரிவுரைகள் என்ற அளவில் இரண்டு மாதங்கள் அங்கே பயின்றதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வொல்ஃப்காங் பவுலி, ஜூலியன் சுவிங்கர், நார்மன் ராம்சே முதலியோர் அவ்வாண்டின் ஆசிரியர்கள். அன்று கோஹென்-தனூஜிக்கு வயது இருபத்திரண்டு. பவுலி போன்ற ஒருவரைப் பாரிசில் ஒரு மாலைநேரச் சொற்பொழிவில் கேட்பதற்கும், அவரோடு ஒரே மலையில் வாரக்கணக்கில் தங்கிப் பயில்வதற்கும் உள்ள வேறுபாடே இப்பள்ளியின் அடிப்படையாக அமைந்தது. உணவு மேசையிலும் மலைநடையிலும் ஆசிரியர் மாணவர்க்கு எட்டக்கூடியவராக இருந்தார்.

3. வரென்னாவும் சீரொளியும்

லெ சூஷ் தொடங்கிய இரண்டாண்டுகளில், 1953இல், இத்தாலிய இயற்பியல் கழகம் கோமோ ஏரிக்கரையிலுள்ள வரென்னாவில் ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கியது. கழகத்தின் தலைவர் ஜோவான்னி பொல்வானி அதற்கு வித்திட்டவர். வில்லா மொனாஸ்தெரோ என்னும் ஏரிக்கரை மாளிகை பள்ளியின் இடமாயிற்று. ‘மொனாஸ்தெரோ’ என்பதற்கு மடம் என்று பொருள். 1954 கோடையில் என்ரிகோ ஃபெர்மி அங்கு விரிவுரையாற்றினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்த பின்னர் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது.

லெ சூஷிலிருந்து வரென்னா ஒரு வகையில் வேறுபட்டது. அங்கே ஆண்டுக்குச் சில பாடநெறிகள் தனித்தனிப் பொருளில் நடைபெற்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரு வாரங்கள் நீடித்தது. ஆகவே விரைந்து வளரும் ஒரு புதிய பொருளை உடனுக்குடன் பாடமாக்க அவ்வமைப்பு ஏதுவாயிற்று. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டில் அப்பள்ளியின் 31ஆம் பாடநெறி ‘குவாண்டம் மின்னணுவியலும் ஓரியல்பு ஒளியும்’ என்னும் பொருளில் நடைபெற்றது. அதன் இயக்குநர் சார்லஸ் டவுன்ஸ். மைமனின் மாணிக்கக்கல் சீரொளி ஒளிர்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. 1960 டிசம்பரில் அலி ஜவானும் உடன் பணியாற்றியோரும் ஹீலியம்-நியான் வாயுச் சீரொளியை உருவாக்கியிருந்தனர். 1961இல் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் சீரொளிக் கற்றையைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியைப் பெற்றிருந்தனர். இம்முடிவுகள் இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரு வரிசையில் நிறுத்தி மாணவர்க்குச் சொல்லவேண்டிய கட்டாயத்தைக் கோடைப் பள்ளியே ஏற்படுத்தியது.

4. லெ சூஷ், 1964

அடுத்த ஆண்டு லெ சூஷ் பள்ளி ‘குவாண்டம் ஒளியியலும் மின்னணுவியலும்’ என்னும் பொருளை எடுத்துக்கொண்டது. அமர்வின் உரைகள் 1965இல் தொகுதியாக வெளிவந்தன. செசில் தெவித், ஆந்த்ரே பிளாந்தேன், கோஹென்-தனூஜி ஆகிய மூவர் அதன் பதிப்பாசிரியர்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாணவராக மலையேறியவர் இப்போது பாடத்தை வடிவமைப்போருள் ஒருவரானார். இப்பள்ளி தன் ஆசிரியர்களைத் தானே உருவாக்கிக்கொண்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆசிரியர் வரிசையும் நோக்கத்தக்கது. வில்லிஸ் லாம் சீரொளியின் கோட்பாட்டையும், நிக்கோலாஸ் புளூம்பெர்கன் நேரியலற்ற ஒளியியலையும், ஜவான் வாயுச் சீரொளிகளையும், ழான் ப்ரோசெல் ஒளியேற்ற முறையையும் எடுத்துரைத்தனர். ராய் கிளாபர் ‘ஒளியின் ஓரியல்பும் ஒளியணுப் புள்ளியியலும்’ என்னும் பொருளில் தொடர்விரிவுரை நிகழ்த்தினார். தொகுதியில் அவ்வுரை மட்டும் நூறு பக்கங்களுக்கு மேல் விரிகிறது.

அவ்வுரையின் பின்னணியைச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 1956இல் ஹான்பரி பிரவுன், டுவிஸ் ஆகிய இருவர் ஒரே மூலத்திலிருந்து வரும் ஒளியை இரு உணர்விகளில் பெற்று, அவற்றின் செறிவு ஏற்றத்தாழ்வுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதைக் காட்டினர். ஒளியணுக்கள் கூட்டமாக வந்துசேரும் போக்குடையவை என்பது இதன் பொருள். சீரொளியிலும் அவ்வாறே நிகழுமா என்னும் வினா 1960களின் தொடக்கத்தில் விவாதத்துக்குரியதாயிற்று. வழக்கமான அலைக்கோட்பாடே இதற்குப் போதும் என்று ஒரு சாரார் கருதினர். ஒளிப்புலத்தை முழுமையாகக் குவாண்டம் முறையில் கையாளவேண்டும் என்று கிளாபர் வாதிட்டார். 1963இல் அவர் எழுதிய கட்டுரைகள் செறிவானவை. துறைக்குப் புதியவர் எளிதில் நுழைய இயலாதவை. லெ சூஷ் உரையோ மின்காந்தப் புலத்தின் குவாண்டமாக்கலிலிருந்து தொடங்கி, ஒளியணுவை உணரும் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து ஓரியல்பின் வரையறைக்குப் படிப்படியாகச் செல்கிறது. மாணவருக்காக எழுதப்பட்டமையே அவ்வுரையைத் துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக்கியது. 2007இல் கிளாபரின் தேர்ந்தெடுத்த எழுத்துகள் நூலாக்கம் பெற்றபோது, நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வுரை அதில் இடம்பெற்றது.

5. உரைக்குறிப்பும் உரிமையும்

கோடைப் பள்ளியின் தொகுதி பாடநூலின் இடத்தைப் பிடிக்கும்போது ஒரு சிக்கலும் எழுகிறது. துறையின் முதல் தலைமுறை எந்தக் குறிப்பிலிருந்து பயில்கிறதோ, அந்தக் குறிப்பின் சொற்களும் குறியீடுகளும் பெயர்களுமே அத்தலைமுறைக்கு இயல்பானவையாகின்றன. இதற்குக் கிளாபர், சுதர்சன் ஆகியோரின் வரலாறு எடுத்துக்காட்டாகும்.

கேரளத்தில் 1931இல் பிறந்த ஜார்ஜ் சுதர்சன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். 1963ஆம் ஆண்டின் வரிசை இவ்வாறு அமைகிறது: பிப்ரவரியில் கிளாபரின் முதற் குறுங்கட்டுரை வெளிவந்தது. ஏப்ரலில் சுதர்சனின் குறுங்கட்டுரை வெளிவந்தது. ஒளிப்புலத்தின் நிலையை ஓரியல்பு நிலைகளின் மூலைவிட்ட வடிவில் எழுதலாம் என அது காட்டியது. செப்டம்பரில் கிளாபரின் விரிவான கட்டுரை வெளிவந்தது. அவ்வடிவத்தை அவர் அதில் ‘பி-உருவகிப்பு’ என்னும் பெயரில் வளர்த்தெடுத்தார். இன்று பாடநூல்கள் பலவும் அதனை இருவர் பெயரையும் இணைத்தே வழங்குகின்றன. ஆயினும் 2005ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதி, ஒளியின் ஓரியல்பு குறித்த குவாண்டம் கோட்பாட்டுக்காகக் கிளாபருக்கு வழங்கப்பட்டது. மறுபாதியை ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் ஆகிய இருவர் பகிர்ந்தனர். சுதர்சன் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதித் தம் மறுப்பைப் பதிவுசெய்தார்.

பரிசுக்குழுவின் முடிவைக் கோடைப் பள்ளி ஒன்றின் மீது ஏற்றுவது மிகைக்கூற்றாகும். கிளாபரின் முதற் கட்டுரை காலத்தால் முந்தியது என்பதும், உணர்வியில் தொடங்கும் அவருடைய அணுகுமுறை தனித்தன்மை வாய்ந்தது என்பதும் மறுக்க இயலாதவை. ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே சுட்டலாம். கிளாபரின் கோட்பாடு 1965இலேயே மாணவர் கையில் பாடமாகக் கிடைத்தது. 1967இல் வரென்னாவில் ‘குவாண்டம் ஒளியியல்’ பாடநெறியை இயக்கியவரும் அவரே. சுதர்சன், ஜான் கிளாடருடன் இணைந்து எழுதிய பாடநூல் 1968இல்தான் வெளிவந்தது. முன்னுரிமை பற்றிய விவாதங்கள் கட்டுரைகள் வெளியான நாள்களை மட்டுமே கணக்கிடுகின்றன. எது யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதையும் கணக்கில் கொண்டால், அறிவு நிலைபெறும் முறை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

6. நிதியும் அதன் நிழலும்

மலையில் ஒதுங்கியிருந்தாலும் இப்பள்ளிகள் உலகியலுக்கு அப்பாற்பட்டவையல்ல. 1950களின் இறுதியில் நேட்டோ அமைப்பு தன் அறிவியல் குழுவைத் தோற்றுவித்தது. 1955இல் லெ சூஷில் பாடம் நடத்திய ராம்சே அவ்வமைப்பின் முதல் அறிவியல் ஆலோசகரானார். அவர் காலத்தில் வடிவம்பெற்ற ‘மேல்நிலைப் பயில் அமர்வுகள்’ லெ சூஷ் முறையைத் தழுவியவை. அத்திட்டத்தின் வழியே ஐரோப்பாவெங்கும் எண்ணற்ற கோடைப் பள்ளிகள் நிதிபெற்றன. சீரொளி, ஒளியியல் சார்ந்தவையும் அவற்றுள் அடங்கும்.

இராணுவக் கூட்டமைப்பு ஒன்று அறிவியல் கல்விக்குப் பணம் தருவதை எல்லோரும் ஏற்கவில்லை. கணிதவியலாளர் அலெக்சாந்தர் குரோத்தெண்டிக் 1970களின் தொடக்கத்தில் நேட்டோ நிதியுடன் நடந்த கோடைப் பள்ளியை வெளிப்படையாக எதிர்த்தார். சீரொளித் துறையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. அதன் தொடக்ககால ஆய்வுகள் பலவும் பாதுகாப்புத்துறை நிதியின் துணையுடனேயே நடந்தன. ஒதுக்குப்புறம் தரும் சிந்தனைச் சுதந்திரம் யாருடைய செலவில் கிடைக்கிறது என்னும் கேள்வியை இவ்வரலாறு தவிர்க்க இயலாது.

இதற்கு வேறொரு திசையும் இருந்தது. 1964இல் அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தேயில் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நிறுவினார். வளரும் நாடுகளின் ஆய்வாளர் தாய்நாட்டை நிலையாகத் துறக்காமலே உலகின் முன்னணி ஆய்வோடு தொடர்பிலிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மொரெத் தம் நாட்டுக்காக விடைதேடிய அதே வினாவைச் சலாம் மூன்றாம் உலகத்துக்காகக் கேட்டார். ஒளியியலுக்கான குளிர்காலப் பள்ளிகள் அம்மையத்தின் நிலையான நிகழ்வுகளுள் ஒன்றாகப் பின்னர் இடம்பெற்றன.

7. எட்டு வாரத்திலிருந்து ஒரு வாரம் வரை

இன்றைய ஒரு வார ஒதுக்கத்தில் வேறொரு மரபின் சாயலும் உண்டு. அமெரிக்காவில் நீல் கோர்டன் 1931இல் தொடங்கிய வேதியியல் கோடைக்கூட்டங்கள் பின்னர் கோர்டன் ஆய்வுக் கருத்தரங்குகளாக வளர்ந்தன. அவை தொலைவிடங்களில் ஏறத்தாழ ஒரு வாரம் நடப்பவை. காலையும் இரவும் அமர்வுகள், பிற்பகல் ஓய்வு என்னும் ஒழுங்குடையவை. அங்கே பேசப்படுவதை வெளியிடவோ மேற்கோள் காட்டவோ கூடாது என்பது விதி. லெ சூஷ் எல்லாவற்றையும் அச்சிட்டது. கோர்டன் கருத்தரங்கு அச்சிடுவதைத் தடைசெய்தது. முன்னது மாணவருக்குப் பாடம் தந்தது. பின்னது ஆய்வாளருக்கு அச்சமின்றிப் பேசும் இடம் தந்தது.

1990இல் செருமானிய ஆய்வுக் கழகம் முனைவர் பட்ட மாணவர்க்கான கூட்டுப்பயிற்சிக் குழுமங்களுக்கு நிதியளிக்கத் தொடங்கியது. 2003இல் பெர்லினில் கூடிய ஐரோப்பியக் கல்வியமைச்சர்கள் முனைவர் பட்டத்தை உயர்கல்வியின் மூன்றாம் சுற்றாக ஏற்றனர். யேனா நகரின் அபே ஒளியணுவியல் பள்ளி போன்ற நிறுவனங்கள் இச்சூழலில் உருவானவை. அடிப்படைப் பாடத்தைப் பல்கலைக்கழகமே கற்பிக்கும் நிலை வந்தபின், ஒதுங்கிப் பயில்வதன் பணி மாறியது. இன்றைய ஒரு வார ஒதுக்கத்தில் அழைப்புரைகள் சில இருக்கும். மாணவர் தம் ஆய்வைச் சுவரொட்டிகளாக முன்வைப்பர். ஆய்வறம், எழுத்துப்பயிற்சி, தொழில்துறை வாய்ப்பு ஆகியவை பேசப்படும். வெவ்வேறு ஆய்வகங்களில் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் மாணவர்கள் ஒரு தலைமுறையாகத் தம்மை உணர்வதே அதன் பயன்.

இப்பயன் சிறிதன்று. இருட்டறையில் ஒளிமேசைக்கு முன் மாதக்கணக்கில் தனித்துழைக்கும் மாணவருக்கு, தம் கருவி இயங்காதது தம் குறையால் மட்டுமன்று என்பதை உணர்த்தவல்லது சக மாணவரின் அனுபவமே. ஆயினும் இழப்பும் உண்டு. எட்டு வாரத்தில் ஓர் ஆசிரியர் தம் கோட்பாட்டை அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பலாம். கேள்வி கேட்கும் மாணவரால் அது திருத்தம் பெறலாம். கையில் ஒரு நூல் எஞ்சலாம். ஒரு மணிநேர அழைப்புரையில் முடிவுகளை அறிவிக்கலாம், கற்பிப்பது அரிது.

8. முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, ஒளியணுவியலின் தொடக்கப் பாடத்திட்டம் உருவான முதன்மையான இடங்களுள் 1963, 1964, 1967ஆம் ஆண்டுகளின் வரென்னா, லெ சூஷ் பள்ளிகளும் அடங்கும். இரண்டாவதாக, அப்பள்ளிகளின் அச்சிட்ட உரைகள் அறிவைப் பரப்பியதோடு அறிவின் உரிமையாளராக யார் நினைவுகூரப்படுவர் என்பதிலும் பங்கு வகித்திருக்கக்கூடும். ஆகவே அறிவியல் வரலாறு எழுதுவோர் ஆய்வுக்கட்டுரைகளோடு விரிவுரைத் தொகுதிகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளவேண்டும். மூன்றாவதாக, ஒதுங்கிப் பயிலும் வடிவம் நிலைத்திருக்க, அதன் பணி பாடம் கற்பிப்பதிலிருந்து குழுவை உருவாக்குவதற்கு மாறியுள்ளது.

செசில் தெவித்-மொரெத் 1972 வரை லெ சூஷ் பள்ளியை வழிநடத்தினார், 2017இல் மறைந்தார். அவருடைய பள்ளி ஓர் இல்லாமையிலிருந்து பிறந்தது: மாணவருக்குத் தேவைப்பட்ட ஒன்றை அவர்தம் பல்கலைக்கழகம் தரவில்லை. இன்று ஒரு வார ஒதுக்கத்தைத் திட்டமிடும் எத்துறையினரும், எவ்வூரில் கூடுவது, யாரை அழைப்பது என்று முடிவுசெய்யும் முன்னர், தம் மாணவருக்கு எது கற்பிக்கப்படாமல் இருக்கிறது என்னும் அவ்வினாவையே முதலில் எழுப்பவேண்டும்.